டார்ச் மேல் போட்ட பழி

டார்ச் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் அது எரிகிறதா என்று பார்ப்பார்கள். நான் எரியவிட்டு, பொத்தானை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் குறைத்து, அதன் முன்னால் ஒரு வெள்ளைப் பேனாவை வேகவேகமாக ஆட்டிப் பார்ப்பேன். பெரம்பலூர் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் இதற்காகவே என்னைக் கண்டால் சிரிப்பார். "சிஸ்டர் வந்துட்டாங்கப்பா, டார்ச்சுக்கு மந்திரிக்கப் போறாங்க" என்பார். சிரிக்கட்டும். பேனா ஒரே வெள்ளை விசிறியாக விரிந்து தெரிந்தால் எடுத்துக்கொள்வேன். சீப்புப் பல் மாதிரி தனித்தனியாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் பல பேனாக்கள் தெரிந்தால் இனாமாகக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

பணி ஓய்வு பெற்ற அன்றைக்கு எங்கள் கண் மையத்துப் பெண்கள் கேசரி கிண்டி, மாலை போட்டு, போட்டோ எல்லாம் எடுத்தார்கள். அப்புறம் ஒருத்தி, "சிஸ்டர், அந்தப் பேனாக் கதையை எழுதிக் குடுங்களேன், ஆண்டு மலர்ல போடலாம்" என்றாள். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்கள். முதல் பாதிக்கு வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள் பெண்களா. மீதிக்கு என்னால் சிரிக்க முடியாது.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கண் பரிசோதனை உதவியாளர். ஆனால் வெள்ளைக் கோட்டு மாட்டிய பெண் யாராக இருந்தாலும் நம் ஊரில் சிஸ்டர்தான். கல்லங்குறிச்சிப் பக்கம் எங்களுக்கு விவசாயம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு தர்ம கண் ஆஸ்பத்திரி ஆள் எடுத்தது, போனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. விடுதிச் சாம்பாரும் தூக்கமும்தான் நினைவிருக்கிறது. வேலை கற்றுக்கொண்டதெல்லாம் முகாம்களில், ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருக்குப் பின்னால் ஓடி ஓடி.

பெரிய டாக்டர் யாரையும் திட்டிக் கேட்டதில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும். ஒருமுறை நான் அவசரத்தில் ஒரு தாத்தாவின் கண்ணில் டார்ச்சை நேராக அடித்துவிட்டேன். அவர் துள்ளிப் பின்னால் சாய்ந்தார். டாக்டர் என்னிடம் வந்தார். "இப்படி உக்காரும்மா" என்று அந்தத் தாத்தாவின் முக்காலியில் என்னை உட்கார வைத்தார். என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, நான் அடித்தது போலவே என் கண்ணில் அடித்தார். கண்ணில் நீர் கொட்டிவிட்டது. "சரி, எந்திரிம்மா" என்று டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். வரிசையில் நின்ற ஊர்ச்சனம் முழுக்க வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு நான் யார் கண்ணிலும் நேராக அடித்ததில்லை.

எங்கள் வேலையில் டார்ச் என்பது கொத்தனாருக்குக் கரண்டி மாதிரி. கருமணியை விரிய வைக்கும் சொட்டுமருந்து விடுவதற்கு முன்னால், காதோரத்திலிருந்து கண்ணுக்குக் குறுக்கே வெளிச்சம் அடிக்க வேண்டும். வெளிச்சம் மூக்குப் பக்கம் வரை தடையில்லாமல் போனால் மருந்து விடலாம். பாதியில் நிழல் விழுந்தால் டாக்டரைக் கேட்காமல் விடக் கூடாது. விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடும். அப்புறம் ஒவ்வொரு கண்ணாக வெளிச்சம் காட்டி, கருமணி சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வலது, இடது, திரும்ப வலது. இதற்கு நடுங்காத கையும் நடுங்காத வெளிச்சமும் வேண்டும்.

பழைய குண்டு பல்பு டார்ச்சுகள் போய், பொத்தானை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் கூடிக் குறைகிற சின்ன எல்.இ.டி. டார்ச்சுகள் வந்தபோது எங்களுக்கு ஒரே சந்தோஷம். சட்டைப்பைக்குள் அடங்கும். கூசுகிறது என்று கண்ணை இறுக்கிக்கொள்பவர்களுக்குக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் முகாம் முடிந்து வேனில் ஏறினால் ஆளாளுக்குத் தலைவலி. வெயில் என்றோம், பசி என்றோம். பொழுதெல்லாம் அந்த வெளிச்சத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோமே, அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அரும்பாவூரில் ஒரு பள்ளிக்கூட அறையில் முகாம். ஜன்னலை எல்லாம் சாத்தி அறையை இருட்டாக்கியிருந்தோம். ஓர் அம்மாள், நல்ல வாயாடி, முக்காலியில் உட்கார்ந்து மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் டார்ச்சைக் குறைத்து வைத்து அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஈ வந்து அவர் மூக்கில் உட்கார்ந்தது. "த்தூ, சனியனே" என்று கையை வீசினார். அந்த வீச்சில் அவர் கையில் எனக்கு இருபது விரல் தெரிந்தது. வரிசையாக, தனித்தனியாக.

"யம்மா, இன்னொரு தடவ ஈ ஓட்டுங்க" என்றேன்.

"ஏன்டி, ஈயத்தான் ஓட்டிப்புட்டேனே!"

"ஈ இல்லாட்டி பரவால்ல, சும்மா கைய வீசுங்க."

"நீ கண்ணு பாக்க வந்தியா, கூத்து பாக்க வந்தியா?" என்று சொல்லிக்கொண்டே வீசினார். திரும்பவும் இருபது விரல். வெளிச்சத்தை முழுசாக வைத்து வீசச் சொன்னேன். ஐந்து விரலும் ஒன்றாகக் கலங்கிப் போனது. பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைப் பேனாவை எடுத்துக் குறைந்த வெளிச்சத்தில் ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே நின்றார். வெளியே வரிசை முணுமுணுத்தது.

"இது வெளிச்சத்தைக் குறைக்கலம்மா," என்றார். "அணைச்சு அணைச்சு ஏத்துது. வேகமா செய்யறதால நமக்கு ஒரே வெளிச்சமாத் தெரியுது. கண்ணப் பாக்கற வெளிச்சமே கண்ணு சிமிட்டுனா நாம என்னத்தப் பாக்கறது?" செல்போன் கேமராவைத் திருப்பிக் காட்டினார். திரையில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே நகர்ந்துகொண்டிருந்தன.

அன்றிலிருந்து குறைந்த வெளிச்சத்துக்கு எங்களிடம் தடை. கூசுகிறவர்களுக்கு டார்ச் வாயில் இரண்டு மடிப்புப் பஞ்சுத்துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். எந்தப் புது டார்ச் வந்தாலும் பேனா ஆட்டிப் பார்ப்பது எங்களுக்கு அப்படித்தான் பழக்கமாயிற்று. சிரிக்கிற பாதி இதோடு முடிந்தது.

பிறகு பெரம்பலூர் மையம் வந்தது. இரண்டு அறை. ஆரம்பத்தில் நானும் இன்னொரு பெண்ணும் மட்டும். ஒரு டாக்டர் திருச்சியில் இருப்பார், கம்ப்யூட்டர் திரையில் வருவார். நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் கேட்டு முடிவு செய்வார். அங்கேதான் ஜமால் பாய் வந்தார். அது அவர் பெயர் இல்லை, நான் வைத்த பெயர்.

லெப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுபவர். நல்ல ஓங்குதாங்கான ஆள், மூக்கின் மேல் சோடாபுட்டிக் கண்ணாடி. சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. அங்கிருந்து லீவில் வருகிறவர்கள் சொந்தக்காரர்களுக்கு அத்தர், பிஸ்கட்டோடு சின்னச் சின்ன டார்ச்சாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். லெப்பைக்குடிக்காட்டில் யார் சட்டைப்பையைத் தொட்டாலும் ஒன்று தட்டுப்படும். இவரும் ஒன்று வைத்திருந்தார்.

"எங்க வூட்டுல தொல்ல தாங்கல சிஸ்டர். போய்க் காட்டிட்டு வாங்க, காட்டிட்டு வாங்கன்னு ஒரே நச்சரிப்பு" என்றார்.

"என்ன செய்யுது பாய்?"

"இந்த டார்ச்சக் கொறச்சு வச்சா ஓரத்துல பளிச்சு பளிச்சுன்னு மின்னுது. வாய் தவறி அவகிட்ட சொல்லிட்டேன்."

டார்ச்சை வாங்கினேன். கை பழக்கம், பேனா தானாக வந்துவிட்டது. குறைத்து வைத்து ஆட்டினேன். சீப்பு. செல்போனில் பிடித்துக் காட்டினேன், கறுப்புப் பட்டை ஓடியது. "உங்க டார்ச்சு மினுங்குது பாய்" என்று சொல்லி, ஏன் எதற்கு என்று விளக்கினேன்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அடச்சீ, இந்த டார்ச்சுக்கா நான் பயந்து செத்தேன்!" என்று தொடையில் தட்டினார். பேனாவை வாங்கித் தானே ஆட்டினார். குழந்தை கிலுகிலுப்பையை ஆட்டுகிற மாதிரி ஆட்டினார். எனக்கு அந்தச் சந்தோஷம் பிடிக்கவில்லை. அளவுக்கு மீறிய சந்தோஷமாக இருந்தது.

டார்ச் மினுங்குவது வேறு, கண்ணுக்குள் மின்னுவது வேறு. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கிற திரை இழுபட்டாலோ கிழிந்தாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டும். சோடாபுட்டிக்காரர்களுக்கு அந்தத் திரை மெலிசு. நேரத்தோடு பார்த்தால் லேசர் வைத்து அடைத்துவிடலாம். விட்டால் திரை கழன்று பார்வை போகும். ஆகவே கேட்டேன்.

"டார்ச்ச அணைச்ச பிறகும் மின்னுதா?"

"இல்ல சிஸ்டர்."

"கண்ண மூடுனா?"

"இல்ல."

"கொசு பறக்கற மாதிரி, நூல் மிதக்கற மாதிரி எதாச்சும்..."

"ஒண்ணுமே இல்ல சிஸ்டர், சுத்தமா இல்ல."

நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பக் கழற்றித் துடைத்தார். நான் நம்பவில்லை. "இல்லாட்டியும் பரவால்ல. உங்க பவருக்கு மருந்து போட்டு உள்ள பாத்தே ஆகணும். உக்காருங்க" என்றேன்.

"வண்டில வந்திருக்கேன் சிஸ்டர். மருந்து விட்டா கண்ணு தெரியாதுன்னு சொல்றாங்களே."

"வண்டி இங்க நிக்கட்டும். பஸ்ல போங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கங்க."

"நாளைக்குக் காலையில நானே வந்து நிக்கிறேன், இன்ஷா அல்லாஹ். இப்ப நீங்க எங்க வூட்டுல மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க, அவ பயந்துபோய்க் கெடக்கா" என்று சொல்லிக்கொண்டே போன் போட்டு என் காதில் வைத்துவிட்டார்.

எதிர்முனையில் அவர் மனைவி. ரஹ்மத் என்று வைத்துக்கொள்வோம். "என்னங்க சிஸ்டர், என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"டார்ச்சு மினுங்கறது நெசந்தாம்மா, நானே பாத்தேன். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குள் போன் என் காதில் இல்லை. "கேட்டியா? கேட்டுக்கிட்டியா? டார்ச்சுதானாம். வச்சிர்றேன்" என்று அவரே பேசி முடித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என்ன பாய் வேல இது? பாதியில புடுங்கறீங்க!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். "இருங்க, டாக்டர்கிட்டயே பேசுங்க" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய் டாக்டரைத் திரையில் பிடித்தேன். நான் சொல்லச் சொல்ல டாக்டர், "அனுப்பாத. மருந்து விடு, நான் இருக்கேன்" என்றார். வெளியே வந்தால் நாற்காலி காலி. வாசலில் வண்டியும் இல்லை. ஆளைத் தேடி ரோடு வரைக்கும் ஓடினேன்.

அவர் போன் அன்றைக்கே அணைந்துவிட்டது. மறுநாள் எங்கள் களப்பணியாளரை வீட்டுக்கே அனுப்பினேன். அவர் திரும்பி வந்து, "முந்தின ராத்திரியே ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிட்டாராம் சிஸ்டர். லீவு முடிஞ்சுதாம். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே டீ குடுத்தாங்க, டார்ச்சுதான்னு நீங்களே சொன்னீங்கன்னு" என்றார். அங்கே போயாவது ஒரு கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அந்த அம்மாளிடம் களப்பணியாளர் சொல்லியிருந்தார். அவளும் பிறகு புருஷனிடம் போனில் சொல்லியிருக்கிறாள். சரி சரி என்றாராம்.

ஏன் பொய் சொன்னார் என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. பஸ் ஓட்டுகிறவர் கண்ணில் கோளாறு என்று ஒரு சீட்டு எழுதப்பட்டால் அங்கே வேலை போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கட்ட ஆரம்பித்த வீடு பாதியில் நிற்கிறது. ஆகவே அவருக்கு டாக்டர் வேண்டியிருக்கவில்லை. ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதை நான் டார்ச்சும் பேனாவுமாக, செல்போன் படத்தோடு அவர் கையில் கொடுத்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அடுத்த முறை அவர்கள் இருவருமாக மையத்துக்கு வந்தார்கள். அவருக்கு வலது கண் போய்விட்டிருந்தது. அங்கேயே ஒருநாள் திரை விழுந்தது போல் இருண்டிருக்கிறது. அதையும் மறைத்து வண்டி ஓட்டி, முடியாமல் போன பிறகு ஆபரேஷன் செய்து, பலனில்லாமல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். உடம்பு பாதியாகியிருந்தது.

ரஹ்மத் உட்காரவில்லை. "நீங்கதான அந்த சிஸ்டர்? உங்க வாயாலதான டார்ச்சுன்னு சொன்னீங்க? நான் நம்பித்தானே அனுப்புனேன்! நீங்க ஒரு வார்த்த வேற மாதிரி சொல்லியிருந்தா அவரு காலப் புடிச்சாவது நிறுத்தியிருப்பேனே! நல்லா இருப்பீங்களா நீங்க?" என்று அழுதாள். வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் புருஷன்தானம்மா போனைப் பிடுங்கினார், உன் புருஷன்தான் மருந்து விடாமல் ஓடினார் என்று. அவளுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். இருக்கிற ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. ஒருவர் எங்களிடம் வந்து சொன்னதையும் சொல்லாததையும் அவர் சம்மதம் இல்லாமல் கட்டியவளிடம்கூடச் சொல்லக் கூடாது. அது எங்கள் வேலையின் கட்டுப்பாடு. அதைவிட, அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சொல்லவும் முடியவில்லை.

"திட்டுங்கம்மா, எவ்வளவு வேணா திட்டுங்க" என்றேன். "ஆனா அந்த இன்னொரு கண்ண இன்னிக்கே பாத்தாகணும். அதுலயும் வரலாம். வந்தா இப்ப அடைச்சுறலாம்."

"ஒரு கண்ணப் பாத்துக் குடுத்தது போதும்!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கிட்ட வேணாம். திருச்சிக்குப் போங்க, வேற ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆனா போங்க" என்று கெஞ்சி, இடத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் நானே திணித்தேன். அன்று சாயங்காலம் பெரிய டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவரே அந்த வீட்டுக்குப் போன் செய்தார். யார் என்று சொன்னதுமே அந்த அம்மாள் வைத்துவிட்டாள். அவர் திரும்பவும் போட்டார். மூன்றாம் தடவையும் போட்டார். அப்படி அவர் யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒருநாள் மத்தியானம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். நல்ல வெயில். எதிரே பஸ் நிற்கிறது, அதன் நெற்றியில் ஊர் பெயர் முழ நீளத்துக்கு எழுதியிருக்கிறது. என் பக்கத்தில் ஒருவர், "ம்மா, இது லெப்பைக்குடிக்காடு பஸ்ஸா பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டார். கையில் ஒரு கம்பு. சோடாபுட்டிக் கண்ணாடி இல்லை.

"ஆமா பாய், அதான்" என்றேன்.

குரலைக் கேட்டு முகம் என் பக்கம் திரும்பியது. "சிஸ்டரா?"

எனக்கு வந்தது கோபம்தான். பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் பிடித்துக்கொண்டேன். "என்ன பாய் பண்ணி வச்சிருக்கீங்க? அந்தக் கண்ணயும் விட்டுட்டீங்களா? திருச்சிக்குப் போங்கன்னு எழுதிக் குடுத்தேனே, அத என்ன பண்ணுனீங்க? காத்துல விட்டீங்களா?"

"போனேன் சிஸ்டர். இதுலயும் மின்ன ஆரம்பிச்சதும் போனேன். அவளும் கூட வந்தா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனோம்."

"அப்புறம் என்ன கேடு?"

"உள்ள போனா, மொத கண்ணுல எப்ப ஆரம்பிச்சுது, யாருகிட்ட காட்டுனீங்க, அவங்க என்ன சொன்னாங்கன்னு கேப்பாங்களே சிஸ்டர். அவ பக்கத்துல நிப்பாளே, எல்லாம் தெரிஞ்சிருமே. இன்னிக்குக் கூட்டமா இருக்கு, பொறவு வரலாம்னு சொல்லித் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன். பொறவு போகவே முடியல."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவர் முழங்கையைப் பிடித்துப் படியேற்றி, ஜன்னலோரத்தில் உட்கார வைத்து, கம்பைக் காலுக்கு நடுவில் நிறுத்தினேன். இறங்கப் போன என் கையைத் தடவிப் பிடித்தார்.

"அவ இன்னும் உங்களத்தான் ஏசிக்கிட்டிருக்கா சிஸ்டர். என் கையப் புடிச்சுச் சோத்துல வைக்கும்போதெல்லாம் ஏசறா. நீங்க என்னிக்காச்சும் அவளப் பாத்தா, உண்மையச் சொல்லிராதீங்க, அந்த ஒண்ண மட்டும் அப்படியே விட்டுருங்க."

"ஏசட்டும் பாய்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.